சீனரித் திரைக்கு அஞ்சலி

இலங்கையின் ஊவா மலையில், லுணுகலையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் பதுளை நகரின் மாடிப்படி ஏறிப்போகும் ஸ்டூடியோக்களிலும் மூன்று தலைமுறையாக நம் குடும்பங்களுக்குப் பின்னால் நின்று, ஒருநாளும் தன்னைப் பார்க்கும்படி கேட்காத ஓவியத் துணியான சீனரித் திரை காலமாகிவிட்டது. அது மறைந்த நாள் இன்னதென்று எவரும் குறித்துவைக்கவில்லை. ஒரு கடையில் அதைச் சுருட்டி அலமாரியின் மேல் போட்டார்கள். இன்னொரு கடையில் கூரை ஒழுகிப் பூஞ்சணம் பிடித்தபின் கிழித்துத் துடைக்கும் துணியாக்கினார்கள். வேறொரு கடையில் அதன் முன்னால் நீலத் தாள் ஒன்றைத் தொங்கவிட, அது பின்னால் இருந்தபடியே இற்றுப்போனது. இத்தனை மெதுவாக, இத்தனை இடங்களில் பிரிந்து பிரிந்து போனதால், துக்கம் கேட்க நாம் ஒன்றுகூடவில்லை. இப்போதாவது கூடியிருந்து அதன் வாழ்வைப் பேசிக்கொள்வோம்.

ஏறத்தாழ ஒன்பதடி அகலம், பத்தடி உயரம். மேலே ஒரு மூங்கிலோ மரச்சட்டமோ இருக்கும். துணி சுருங்காமல் இழுத்துப்பிடிக்கக் கீழே இன்னொரு கழி. நடுவில் படிக்கட்டு ஒன்று வளைந்து மேலேறும். ஒருபக்கம் சலவைக்கல் தூண், மறுபக்கம் பூங்கொடி படர்ந்த கைப்பிடிச் சுவர், அப்பால் தடாகமும் இரண்டு அன்னமும், மங்கலாக ஒரு மாளிகை, அதற்கும் அப்பால் எந்த நாட்டினதென்று சொல்ல முடியாத மலை. நான் பார்த்த திரை எதிலும் தேயிலைச் செடி இல்லை, வரிசை வீடான லயம் இல்லை, கொழுந்து நிறுக்கும் மடுவம் இல்லை. விடியுமுன் எழுந்து பெரட்டு என்னும் ஆள்கணக்குக்குப் போய் அந்தி வரை மலையில் நின்ற மனிதர், படம் எடுக்கும் அந்த அரைமணி நேரமாவது வேறோரிடத்தில் நிற்க விரும்பினார்கள் என்பதைத் திரை எழுதியவர் அறிந்திருந்தார்.

அதன் குலம் பெரியது. 1839இல் பாரிஸில் தம் புகைப்பட முறையால் உலகை வியக்கவைத்த லூயி டாகேர், அதற்கு முன் நாடக மேடைக்குத் திரை எழுதி வாழ்ந்தவர். 1822இல் அவர் திறந்த டயோராமா என்னும் காட்சிக்கூடத்தில், ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சிய மாபெரும் ஓவியத் திரைகளைப் பார்க்கவே மக்கள் காசு கொடுத்து வந்தார்கள். புகைப்படத்தை வளர்த்தெடுத்த கையே திரை எழுதிப் பழகிய கையாகவும் இருந்தது. 1841இல், லண்டனில் படக்கூடம் நடத்திய அந்துவான் குளோதே, படத்துக்கு அமர்பவருக்குப் பின்னால் ஓவியத் திரையைத் தொங்கவிடும் முறைக்கு உரிமைக்காப்புப் பெற்றார். நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டிய அந்தக் காலத்தில், வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்த மனிதருக்கு ஒரு தோட்டத்தையோ ஒரு நூலகத்தையோ தந்து, அவர் முகத்துக்குத் துணையாக நின்றது திரைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது கப்பலேறி இலங்கைக்கு வந்தது. கண்டியில் சார்ள்ஸ் ஸ்கோவன், கொழும்பில் ஸ்கீன், 1890இல் பிரிஸ்டல் ஹோட்டலில் பிளாட்டே தம்பதியர் தொடங்கிய படக்கூடம் எனப் பெரிய இடங்களில் துரைமாருக்கும் முதலியார்மாருக்கும் பின்னால் அது நின்றது. தோட்டத் தமிழரான நம் சனத்தை அந்தக் காலத்துக் கமராக்கள் வேறு விதமாகப் பார்த்தன. கூடை சுமந்த பெண், கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆண், வரிசையாக நிறுத்தப்பட்ட பிள்ளைகள் என்று மலையில் எடுத்த படங்கள் அஞ்சலட்டையாகவும் ஆல்பமாகவும் கடல் கடந்து போயின. படத்தின் கீழே 'தமிழ்க் கூலி' என்று அச்சாகியிருக்கும், பெயர் இராது. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாவில் காலமான ஜூலியா மார்கரட் கேமரன் அம்மையார் களுத்துறையில் எடுத்த, கண்ணை எடுக்க விடாத படங்களில் நிற்கும் தொழிலாளர் பலருக்கும் இதே கதிதான். அவர்களை யாரோ பார்த்தார்கள், யாரோ எடுத்தார்கள், படம் யாருக்கோ போய்ச் சேர்ந்தது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான், சீனரித் திரை மலைக்கு ஏறிவந்து நமக்குச் செய்த முதல் உதவி புரியும். 1924இல் பதுளைக்குக் கோச்சி, அதாவது ரயில், வந்தது. தகடும் தாளும் மருந்துப் புட்டிகளும் கொழும்பிலிருந்து ஏறிவர வழி திறந்தது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கிக் கிழக்கே செங்கலடி வரை போகும் பெருந்தெருவின் கடைத்தெருக்களில், தையற்கடைக்கும் நகைக்கடைக்கும் பக்கத்தில் படக்கடையும் வந்து சேர்ந்தது. ஹொப்டன், அடாவத்தை முதலான தோட்டங்களிலிருந்து சம்பளம் வாங்கிய கையோடு டவுனுக்கு இறங்கி வந்தவர்கள், தங்கள் காசைக் கொடுத்து, தாங்கள் விரும்பிய உடுப்பில், விரும்பியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் திரையின் முன் நின்றார்கள். அங்கே கூடை இல்லை, கொழுந்துப் படங்கு இல்லை. படம் யாருக்கு என்ற கேள்விக்கும் முதன்முறையாக அவர்களிடமே பதில் இருந்தது.

திரை எழுதும் கலை நாடகக் கொட்டகையில் வளர்ந்தது. தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள் அரண்மனை, காடு, தெரு, நந்தவனம் என்று காட்சிக்கொரு திரையைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலத்தில், அவற்றை எழுதிய ஓவியர்களில் ஒருவர் சி. கொண்டையராஜு. தாம் வேலை பார்த்த நாடகக் குழு கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிப் படக்கூடம் ஒன்றை நடத்திய அவர், தம் மாணாக்கரோடு சேர்ந்து எழுதிய தெய்வப் படங்களால் நாட்காட்டி ஓவியத்தின் தந்தையாக மதிக்கப்பட்டு 1976இல் மறைந்தார். நாடகத் திரையும் ஸ்டூடியோத் திரையும் சாமிப் படமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. நம் லயத்துக் காம்பராச் சுவரில் முருகன் படமும் குடும்பப் படமும் அடுத்தடுத்துத் தொங்கியபோது அவற்றின் தூண்களும் தாமரைக் குளங்களும் ஒன்றையொன்று ஒத்திருந்ததில் வியப்பில்லை.

திரையை உருவாக்குவது எளிய வேலை அன்று. பருத்திக் கித்தானை இறுக்கிக் கட்டி, வச்சிரப் பசையும் சுண்ணத் தூளும் கலந்து முதற்பூச்சு கொடுத்துக் காயவைத்து, பொடி வண்ணங்களைப் பசைநீரில் குழைத்து எழுத வேண்டும். எண்ணெய் வண்ணம் பளபளக்கும். விளக்கொளியை அப்படியே கமராவுக்குத் திருப்பி எறியும். மடித்துச் சுருட்டினால் வெடிக்கும். பசை வண்ணமோ ஒளியை உள்ளே வாங்கி அடங்கிக் கிடக்கும். கறுப்பு வெள்ளைப் படங்களின் காலத்தில் பல திரைகள் சாம்பலும் பழுப்புமாகவே எழுதப்பட்டன. படத்தில் வண்ணமாகத் தெரியாத ஒன்றுக்கு வண்ணம் எதற்கு என்ற சிக்கனம் அதில் இருந்தது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பவரை மிஞ்சக் கூடாது என்ற மரியாதையும் இருந்தது. மனிதரின் தலை எந்த உயரத்தில் வரும் என்று கணித்து அந்த இடத்தை வானமாகவோ மூடுபனியாகவோ வெறுமையாக விட்டுவைத்த அந்த ஓவியர்களில் பெரும்பாலோர் கையொப்பம் கூட இடவில்லை.

படம் எடுக்கப் போவது ஒரு பயணம். தீபாவளிக்கு மறுநாள், காது குத்திய பிள்ளையோடு, சமைந்த பெண்ணைச் சடங்கு முடித்து அலங்கரித்த கோலத்தோடு, கலியாணம் முடிந்த கையோடு, தொழிற்சங்கக் கமிட்டிக்குத் தலைவர் தெரிவான நாளில் கழுத்து நிறைந்த மாலையோடு என்று நாம் போனோம். ஸ்டூடியோவின் உள்ளறையில் ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா. உடுப்புக் குறைந்தவருக்குக் கொளுவியில் ஒரு கோட்டும் கழுத்துப்பட்டியும். வெளியே வந்தால் திரையின் முன் ஒரு முக்காலி, பிளாஸ்டிக் பூ வைத்த உயரமான சாடி, சில கடைகளில் இரவலுக்கு ஒரு கைக்கடிகாரமும் டிரான்சிஸ்டர் ரேடியோவும். அந்தப் பொருள்களையெல்லாம் பொய் என்று சொல்வாருண்டு. எட்டு மணி நேரம் மலையில் நின்ற உடம்பு நிமிர்ந்து நின்ற விதத்திலும், கைக்குழந்தையின் கழுத்தைத் தாங்கிய கையிலும் பொய் எதுவும் இல்லை. திரை அவற்றை வெளியே தெரியவைத்தது.

ஒற்றை ஆளுக்கும் புதுமணச் சோடிக்கும் அது தாராளமாக இடம் தந்தது. அதன் உண்மையான சேவை குடும்பமாக நாம் போய் நின்றபோது தொடங்கியது. ஒன்பதடித் திரைக்கு முன்னால் ஒன்பதடிக் குடும்பம் நிற்க முடியாது. கமராவின் பார்வை போகப் போக விரியும். பதினாலடி தூரத்தில் நிற்கும் மனிதரிடம் அது ஏழடியைப் பார்த்தால், அவர்களுக்குப் பின்னால் நாலடி தள்ளித் தொங்கும் திரையில் ஒன்பதடியைப் பார்க்கும். நிழல் திரையில் விழாதிருக்க அந்த நாலடி இடைவெளி வேண்டும். ஆகவே குடும்பத்துக்குக் கிடைத்தது ஏழடி. நேர்நேராக நின்றால் நாலைந்து பேர். நம் குடும்பங்களோ பன்னிரண்டு, பதினைந்து. நடுவில் தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் இரண்டு நாற்காலி, பக்கத்தில் மூத்த மருமகளுக்கு ஒன்று, முன்னால் சம்மணமிட்டுப் பிள்ளைகள், பின்னால் நிற்பவர்கள் ஒரு தோள் முன்னும் ஒரு தோள் பின்னுமாகச் சாய்ந்து. படம் எடுப்பவர் கறுப்புத் துணிக்குள் இருந்து தலையை நீட்டி, "கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, மாமா தோளை உள்ளுக்குத் திருப்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தச் சொல்லுக்காக நெருங்கியவர்களை நாம் படங்களில் பார்க்கிறோம். தகப்பனின் முன்னால் உட்காரவும் கூசிய மகன் அவர் தோளோடு தோள் உரச நிற்கிறான். பேச்சு வார்த்தை அற்றுப்போயிருந்த இரண்டு சகோதரர் இடையே காற்றுப் புகவும் இடமில்லை. மாமியாரின் நாற்காலி முதுகில் மருமகளின் கை. தோட்டம் கட்டித்தந்த காம்பராவும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். ஏறக்குறைய திரையின் அகலமே அதன் அகலம். காம்பராவில் நாம் நெருங்கியிருந்தது வேறு வழியில்லாமல். அதற்கு மேல் ஓரடி நமக்குத் தேவையென்று எவரும் நினைக்கவில்லை. திரையின் முன் நாம் நெருங்கியது எல்லோரும் ஒரு படத்தில் வரவேண்டும் என்று நாமே விரும்பியதால். அதே அளவு இடத்தை இடநெருக்கடியிலிருந்து ஒட்டுறவாக மாற்றிக் காட்டியது அந்தத் துணி.

எவ்வளவு நெருங்கியும் இடம் போதாத நாள்கள் இருந்தன. அப்போது விளிம்பில் நின்ற சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் திரை முடிந்து சுண்ணாம்புச் சுவர் தெரியும், கழியின் நுனி தெரியும், விளக்குக் கம்பத்தின் கால் தெரியும். இருட்டறையில் படம் பெரிதாக்கும்போது ஓரத்தை மறைத்து வெட்டிவிடலாம். வெட்டினால் சுவரோடு சித்தப்பாவும் போவார். சுவர் தெரிந்தால் தெரியட்டும், ஆள் இருக்கட்டும் என்று விட்டார்கள். நம் பழைய கூட்டுப் படங்களின் ஓரங்களில் தெரியும் அந்தச் சுவர், அரண்மனைக் கனவு கலைந்த இடம் என்று தோன்றலாம். ஓர் உறவையும் வெளியே விடாத முடிவின் தடமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

திரையின் வாழ்வில் மிகவும் துயரமான பணி 1964க்குப் பிறகு வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போட்ட கோடு பல வீடுகளின் நடுவே ஓடியது. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. பயணம் சொல்ல வந்த குடும்பங்கள் கோச்சி ஏறுமுன் கடைசியாகப் போன இடங்களில் ஒன்று ஸ்டூடியோ. கடவுச்சீட்டுக்குத் தனிமுகம், வீட்டுக்குக் கூட்டுப்படம். கூட்டுப்படத்தில் இரண்டு பிரதி எடுத்தார்கள், ஒன்று இருப்பவருக்கு, ஒன்று போகிறவருக்கு. பிறகு, பிரிவோரின் அழுகையால் பெயர்பெற்ற ஒப்பாரிக் கோச்சி அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோனது, கப்பல் இராமேசுவரத்தில் இறக்கியது, மண்டபம் முகாம் பதிவு செய்து அனுப்பிவைத்தது.

தாயகம் திரும்பியோருக்கு வேலை தர 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும், கூடலூரிலும் கோத்தகிரியிலும், அந்தப் படங்கள் மீண்டும் சுவரேறின. லுணுகலைத் தோட்டத்து இஸ்தோப்பில் ஒரு பிரதியும் நீலகிரியில் ஒரு குடியிருப்பில் இன்னொரு பிரதியுமாக, ஒரே திரையின் அதே படிக்கட்டும் அதே அன்னங்களும் கடலின் இரு கரையிலும் தொங்கிய காலம் அது. இரு கரையிலும் பிறந்த பேரப்பிள்ளைகள், ஒருவரையொருவர் பார்க்காமலே, அந்தத் தூணைத் தங்கள் பழைய வீட்டின் தூண் என்று நினைத்து வளர்ந்தார்கள். அவர்கள் நினைப்பில் பெரிய பிழை இல்லை. குடும்பம் முழுதாகக் கடைசியாக நின்ற இடம் அதுதானே.

1983 ஜூலை 27இல் பதுளையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அன்றிரவுக்குள் வன்முறை லுணுகலையையும் எட்டியது. எரிந்த சுவர்களில் இருந்த படங்கள் திரும்பவில்லை. ஓடியவர்கள் கையில் எடுத்தது பிள்ளையும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும். சில வீட்டார் சட்டத்தை உடைத்துப் படத்தை மட்டும் உருவி மடியில் செருகிக்கொண்டார்கள். மடித்த கோடு நெற்றியிலோ கழுத்திலோ ஓடும் அத்தகைய படங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அந்தக் கோட்டையும் தாங்கிக்கொண்டு திரை பின்னால் நின்றது.

வண்ணப் படம் வந்தபோது சாம்பல் நிறத் திரைகளின் மேல் நீலமும் பச்சையும் ஏறின. பிறகு எழுதியவர்கள் ஒவ்வொருவராக மறைய, அச்சிட்ட ஃப்ளெக்ஸ் திரைகள் வந்தன. நீர்வீழ்ச்சியும் செம்பருத்தியும் கண்ணைப் பறிக்கும் அவற்றில் எந்தக் கையும் இல்லை. அதற்கடுத்து, பெரும்பாலும் 2.72 மீற்றர் அகலத்தில் விற்கும் காகிதச் சுருள். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வெறுமையான பின்புலமே வேண்டும் என்ற விதி இறுக இறுக, ஸ்டூடியோவின் அன்றாட வருமானம் அந்த வெறுமையின் முன் உட்காருபவரிடமிருந்தே வந்தது. கூட்டுப் படத்துக்கு வருவோர் குறைந்தனர். கையில் தொலைபேசி இருந்தது.

இறுதியில் வந்தது கணினி. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷொப், எண்முறைக் கமரா மலிவானபின் நம் சிறுநகரங்களுக்கும் வந்தது. திரைக்கு வெளியே ஆள் நின்றுவிட்டால் இனிச் சுவரைச் சகிக்க வேண்டியதில்லை. படத்தின் பரப்பை இரு பக்கமும் அகலமாக்கி, திரையின் ஓரத்தில் ஒரு கீற்றைத் தெரிந்தெடுத்து, அதைப் பிடித்து இழுத்தால் துணி நீளும். வெறும் நிறத் திரையானால் அவ்வளவே போதும். எழுதிய திரையானால் இழுத்த இடத்தில் இலையும் பூவும் கோடுகோடாகக் கலங்கும். அப்போது குளோன் கருவியால் ஓரிடத்துக் கொடியை எடுத்து இன்னோரிடத்தில் பதித்து, தலைமயிரின் ஓரங்களை முகமூடியிட்டுக் காத்து, தரையும் திரையும் சேரும் கோட்டை நேராக்கி, நிழலை மெல்ல இறக்க வேண்டும். 2010இல் வந்த பதிப்பு, சுற்றியிருப்பதைப் பார்த்துத் தானே இடத்தை நிரப்பக் கற்றது. 2023 முதல், இல்லாத தூணையும் இல்லாத தடாகத்தையும் செயற்கை அறிவு கேட்ட மாத்திரத்தில் எழுதித்தருகிறது.

அந்த வேலையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இரவு கடையைச் சாத்தியபின் கணினியின் ஒளியில் குனிந்திருந்து ஒரு குடும்பத்தின் பின்னாலிருந்த சுவரைத் தூணாக்கும் இளைஞரும், வச்சிரம் காய்ச்சிய பழைய ஓவியரின் வாரிசுதான். ஊவாத் தோட்டங்களிலிருந்து எத்தனை தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள்! தாய் இல்லாமல் எடுத்த சடங்குப் படத்தின் பின்புலத்தை ஓரடி நீட்டி, அவர் அங்கிருந்து அனுப்பிய படத்திலிருந்து உருவத்தை வெட்டி, மகளின் பக்கத்தில் நிறுத்தித் தரும்படி கேட்கும்போது, அந்த இளைஞர் செய்து தருகிறார். மறைந்த தாத்தாவைப் பேரனின் கலியாணப் படத்தில் உட்காரவைக்கிறார். கூடலூரிலிருக்கும் அண்ணனையும் லுணுகலையிலிருக்கும் தம்பியையும், அறுபது ஆண்டுக்குப் பிறகு, ஒரே படிக்கட்டின் முன் சேர்த்து வைக்கிறார். துணியால் ஒருபோதும் செய்திருக்க முடியாத உபகாரம் இது. அந்தப் படங்களைக் கையில் வாங்கியவர்கள் அழுதார்கள் என்றால் அந்த அழுகை மெய்.

ஆனாலும் நம் துக்கம் துக்கமாகவே நிற்கிறது, அதன் காரணத்தையும் நாம் அறிவோம். நீட்டிக்கொண்டே போகலாம் என்றான பின்புலத்தின் முன் எவரும் எவரையும் நோக்கி நகர வேண்டியதில்லை. வர முடியாதவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, கோபித்துக்கொண்ட சித்தப்பாவை அழைத்துவர ஆளனுப்ப வேண்டியதில்லை, ஒருவர் தோளை இன்னொருவர் தொட வேண்டியதில்லை. நாலு பேரை நாலு நேரத்தில் எடுத்து ஒன்றாக்கலாம். சீனரித் திரை இடம் போதாத துணியாக இருந்தது. அதனாலேயே அது எல்லோரையும் ஒரே நாளில், ஒரே அறையில், மூச்சுப்படும் தூரத்தில் நிற்கவைத்தது. கனவு மாளிகையைத் தந்த சேவையைக் கணினி எடுத்துக்கொண்டது, நன்றாகவும் செய்கிறது. கூட்டிச் சேர்த்து நெருக்கி நிறுத்திய அந்த மற்றச் சேவையை ஏற்க எவரும் வரவில்லை.

சீனரித் திரையின் கடைசிப் பணியையும் சொல்லியாக வேண்டும். திரை நீட்டல் வந்த முதல் ஆண்டுகளில், கணினி இழுத்ததும் பதித்ததும் அந்தப் பழைய துணியின் ஓரத்தைத்தான். ஆணித் துளையும் மடிப்புச் சுருக்கமும் உதிர்ந்த வண்ணமும் கொண்ட விளிம்பிலிருந்து ஒரு சாண் எடுத்து, நாலடி வெறுமையை மூடினார்கள். தன்னை அகற்ற வந்த கருவிக்கும் தன் நூலையும் நிறத்தையும் கொடுத்துவிட்டு அது சுருண்டது. வாழ்ந்த காலமெல்லாம் பின்னாலேயே நின்ற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு ஏது.

அது விட்டுச்சென்றவை நம் பெட்டிகளிலும் சுவர்களிலும் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் துணையோடு, 1880 முதல் 1980 வரையான ஸ்டூடியோப் படங்களைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகத் தேடி எண்முறையில் பதிந்து பாதுகாத்திருக்கிறார்கள். நம் மலையில், கம்பளைக்கு அருகே பழைய லயத்தையே கூடமாக்கி அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், உலக்கையும் கூடையும் சம்பளச் சீட்டும் போலவே படங்களும் நம் சரித்திரம் என்று காத்துவருகிறது. அஞ்சலட்டையில் பெயரில்லாமல் போன சனம், சீனரித் திரையின் முன் எடுத்த படத்தில்தான் அம்மாயியாக, மாமனாக, தங்கச்சியாக நிற்கிறது. அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். முன்போல் நிறையப் பேர் இல்லை.

ஆகவே, உடன் துக்கப்படுவோரே, பெரியவருக்குச் செய்யும் கடனாக இவ்வளவைச் செய்வோம். பழைய கூட்டுப் படத்தைப் புதுப்பிக்கக் கொடுக்கும்போது, நீட்டித் திருத்திய ஒன்றைச் சுவருக்கு வாங்கிக்கொள்வோம். தொடாத ஒன்றை, சுவர் தெரியும் ஓரத்தோடும் கழியின் நுனியோடும், பிள்ளைகளுக்காகப் பதிந்து வைப்போம். படத்தின் பின்புறத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களையும் தோட்டத்தையும் டிவிசனையும் பென்சிலால் எழுதுவோம். அடுத்த தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போது, பின்னால் தகரக் கதவோ வெறும் சுவரோ எதுவாயிருந்தாலும், ஏழடிக்குள் எல்லோரும் அடங்கும்படி ஒருமுறை நெருங்கி நிற்போம். விளிம்பில் நிற்பவரை உள்ளே இழுத்துக்கொள்ள நமக்குத் தெரியும். அந்தத் திரை நமக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறது.